நாய் திண்ணையைத் தாண்டிய பிறகு

தென் மாவட்டத்துக் கிராமங்களில் நாயைக் குளிப்பாட்டுவது என்று தனியாக ஒரு வேலை இருந்ததில்லை. கம்மாய்க்கு மாடு குளிப்பாட்டப் போகும்போது நாயும் பின்னாலேயே போகும். மாட்டைத் தேய்த்து முடித்த கையோடு, "டேய், மணியையும் ஒரு முக்கு முக்கிட்டு வாங்கடா" என்று கரையிலிருந்து பெரியவர் குரல் கொடுப்பார். மாட்டுக்குத் தேய்த்த வைக்கோல்தான் மணிக்கும். கம்மாய் வற்றிய மாதங்களில் பம்புசெட் தொட்டி. சோப்பு என்றால் துணி துவைத்த சோப்பின் மிச்சம், இல்லாவிட்டால் சிவப்பு லைஃப்பாய். கரையேறிய நாய் முதல் வேலையாகப் புழுதியில் விழுந்து புரளும். அதற்காக அதை யாரும் திட்டியதில்லை. அது வீட்டுக்குள் வரப்போவதில்லையே.

திண்ணைதான் அதன் எல்லை. இன்றைக்கு அது திண்ணையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. குளிப்பாட்டும் முறை மாறியதற்கு ஷாம்பு கம்பெனிகளைவிட இந்த இடமாற்றமே பெரிய காரணம் என்பேன். படுக்கை விரிப்பில் நாய் வாடை வரக்கூடாது என்ற கவலை திண்ணை நாய்க்காரருக்கு இருந்திருக்க முடியாது.

நாயும் மாறிவிட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாமே உடம்போடு ஒட்டிய குட்டை ரோமம் கொண்டவை. ஈரத் துணியால் துடைத்தாலே பளபளக்கும். 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் ஓடிய பக் நாய், நகரத்து வீடுகளில் ஓர் ஆசையைக் கிளப்பிவிட்டது. பிறகு கோல்டன் ரெட்ரீவர், ஷிட்சூ, ஹஸ்கி. ஒவ்வொன்றும் தனக்கான வேலையைக் கூடவே கொண்டுவந்தது. பக்கின் முக மடிப்புகளைத் துடைத்து உலர்த்தாவிட்டால் உள்ளே புண்ணாகும். ஷிட்சூவின் முடி நம் தலைமுடிபோல வளர்ந்துகொண்டே இருக்கும், வெட்டித்தான் ஆகவேண்டும். ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு ரோமம். சென்னை வெயிலுக்கு அதை வாங்கியதே தப்பு. வாங்கிவிட்டு, பாவம் என்று மொட்டையடிப்பது அடுத்த தப்பு. வெயில் நேராகத் தோலில் படாமல் காப்பதே அந்த மேல் ரோமம்தான். உள் ரோமத்தைச் சீவி எடுத்தால் போதும்.

அன்றைய பராமரிப்பில் உண்மையான உழைப்பு குளியலில் இல்லை, உண்ணி எடுப்பதில் இருந்தது. மத்தியான வெயில் தாழ்ந்ததும் பாட்டியோ பேரனோ நாயை மடியோரம் படுக்கப் போட்டு, காது மடலுக்குள், கழுத்துச் சதையில், கால் விரல் இடுக்கில் துழாவுவார்கள். பிடுங்கிய உண்ணியை நசுக்கக்கூடாது. கொட்டாங்குச்சியில் இருக்கும் மண்ணெண்ணெயில் போடவேண்டும். நசுக்கக்கூடாது என்றது சரியான சொல். ஆனால் மறுவாரமே அதே நாயில் அதே அளவு உண்ணி ஏறியிருக்கும். காரணம் சுவரில் இருந்தது. நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. குஞ்சாக ஏறி ரத்தம் குடித்து இறங்கும். வளர்ந்து மறுபடி ஏறும், இறங்கும். முட்டையிடுவது சுவர் வெடிப்பில், ஆயிரக்கணக்கில். பெரிய உண்ணி ரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். மண்சுவர் வீட்டில் பாட்டியால் எத்தனையைத்தான் எடுக்க முடியும்?

அதனால்தான் பவுடருக்குப் போனார்கள். வயலுக்கு வாங்கிய கேமக்சின் மாவை நாயின் மேலும் தூவினார்கள். பிஎச்சி என்ற அந்தப் பூச்சிமருந்துக்கு இந்தியாவில் 1997-ல் தடை வந்தது. சொறி பிடித்த நாய்க்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து கழிவு ஆயில் வாங்கிப் பூசினார்கள். நாய் அதை நக்கி நக்கியே செத்துப்போகும். கந்தகத்தை எண்ணெயில் குழைத்துப் பூசியவர்கள் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். கந்தகம் இன்றும் சொறிக்கு மருந்துதான். பழைய கைப்பக்குவத்தைப் பற்றி நெகிழ்ந்து பேசுகிறவர்கள் இந்தக் கழிவு ஆயிலை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இன்றைக்கு ஒரு மாத்திரை. 2014-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்ற ஃப்ளூராலனர் போன்றவை, ரத்தத்தில் கலந்து நின்று, கடிக்கிற உண்ணியைக் கொல்கின்றன. ஒரு மாத்திரை 12 வாரம் வரை தாங்கும். உண்ணிக் காய்ச்சலில் நாயைப் பறிகொடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. ஏற்கனவே வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். இன்னொன்றும் உண்டு. உண்ணிக்காகத் துழாவிய விரல் கட்டியையும் புண்ணையும் சேர்த்தே கண்டுபிடித்தது. மாத்திரை அதைச் செய்யாது.

நகம் வெட்டுவதும் புதிய வேலையே. காடு மேடெல்லாம் ஓடிய நாய்க்கு நகம் தானாகத் தேய்ந்தது. டைல்ஸ் தரையில் வழுக்கும், தேயாது. நகத்துக்குள் ரத்தக் குழாய் ஓடுகிறது. கறுத்த நகத்தில் அது எங்கே முடிகிறதென்று கண்ணுக்குத் தெரியாது. துளித்துளியாகத்தான் வெட்டவேண்டும்.

வாசலுக்கே வேன் வந்து, வெந்நீரில் குளிப்பாட்டி, புளோயரால் உலர்த்தி, கழுத்தில் கைக்குட்டை கட்டிவிட்டுப் போகிற வசதி சென்னையில் இப்போது உண்டு. நீள ரோம நாய்க்கு அது தேவை. குட்டை ரோம நாயை வாராவாரம் நுரையில் ஊறவைப்பதற்கு மட்டும் நியாயம் கிடையாது. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. அடிக்கடி சோப்பு போட்டால் எண்ணெய்ப்பசை போய் அரிப்பு வரும். கம்மாய்க் காலத்து நாய் தப்பித்தது இதில்தான்.

பூனையை அன்று யாரும் குளிப்பாட்டியதில்லை. எலி பிடிக்க வந்தது, பரணில் படுத்தது, தானே நக்கிக்கொண்டது. அதன் நாக்கு முட்களின் நுனியில் குழிவு இருப்பதையும், அது எச்சிலை ஏந்திக்கொண்டுபோய் ரோமத்தின் அடிவரை சேர்ப்பதையும் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2018-ல் விளக்கினார்கள். பெர்சியன் பூனைக்கு அந்த நாக்கு போதாது. தினமும் சீவவேண்டும், அதுவும் நனைப்பதற்கு முன்பே. நனைந்த சிக்கு இறுகிப்போகும். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கும் தடவிவிடுகிற வீடுகள் இருக்கின்றன. பெர்மெத்ரின் கலந்ததாக இருந்தால் பூனையைக் கொன்றுவிடும். டெட்டால், ஃபினாயில் வகையும் ஆகாது. அவற்றை முறிக்கும் திறன் பூனையின் ஈரலில் குறைவு. நாட்டுப் பூனைக்கு வாளித் தண்ணீர் அவசியப்படுவது, நிறுத்திய காருக்கு அடியில் படுத்து முதுகெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்டு வரும் நாளில்தான். அன்றைக்கு அது பிறாண்டினாலும் விடாமல் கழுவியாக வேண்டும், நக்கத் தொடங்குவதற்குள்.