நமக்கெங்கே நேரம்?

தக்கலைப் பேருந்து நிலையத்தில் காலை ஏழு மணிக்கு நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகக் காத்து நிற்பவர்களிடம், "உங்களுக்கு என்ன ஆசை இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பலரிடமும் ஒரு பதில் இருக்கும். பாதியில் நின்ற பட்டப்படிப்பு, எழுத நினைத்த அரசுத் தேர்வு, கற்றுக்கொள்ள விரும்பிய இசை, சொந்தமாக ஒரு தையற்கடை. அதைச் சொல்லி முடித்த கையோடு இரண்டு வார்த்தைகள் வரும். "நம்மளால முடியுமா?" என்பது ஒன்று. "அதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு?" என்பது இன்னொன்று.

இவை தனித்தனிக் கேள்விகளாகத் தெரிகின்றன. ஆனால் பல வேளைகளில் முதல் கேள்விக்குப் பயந்துதான் இரண்டாவதைச் சொல்கிறோம். நேரமில்லை என்று சொல்வது கௌரவமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை.

மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒரே ஒரு தாலந்து பெற்றவன் ஏதோ சில்லறைக் காசு பெற்றவன் போல நம் மனத்தில் பதிந்துவிட்டான். உண்மையில் ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் தெனாரியத்துக்குச் சமம். ஒரு தெனாரியம் அன்றைய கூலித் தொழிலாளியின் ஒருநாள் கூலி. அப்படியானால் அவன் கையில் கிடைத்தது சுமார் இருபது ஆண்டுக் கூலி! தலைவர் திரும்பி வருவதற்கும் வெகுகாலம் ஆனது. ஆக, அவனுக்குப் பணத்துக்கும் குறைவில்லை, நேரத்துக்கும் குறைவில்லை. தான் அஞ்சியதாக அவனே சொல்கிறான். நிலத்தைத் தோண்டியதற்குக் காரணம் அந்த அச்சம்தான்.

இந்த அச்சம் எப்படிப் போகும்? 'முதலில் தன்னம்பிக்கை வரட்டும், பிறகு தொடங்கலாம்' என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த வரிசையை மாற்றிப் போட்டது. 'இது என்னால் ஆகும்' என்ற நம்பிக்கை மனிதருக்கு நான்கு வழிகளில் வருகிறது என்றார் அவர். நாமே ஒரு காரியத்தைச் செய்து முடிப்பது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், நம் உடலும் மனமும் இருக்கும் நிலை. நான்கிலும் வலிமையானது முதலாவது. ஒரு சிறு வேலையைச் செய்து முடித்தவருக்கு அடுத்ததைச் செய்யத் துணிவு வருகிறது. ஊக்கச் சொல்லுக்குப் பலன் உண்டுதான், ஆனால் கையால் செய்து பார்க்காதவரிடம் அது நிலைப்பதில்லை. தன்னம்பிக்கைப் பேச்சு கேட்ட அன்று மாலை நமக்கிருக்கும் வேகம் மூன்றாம் நாள் காணாமற்போவது இதனால்தான்.

இரண்டாவது வழிக்கு, அதாவது நம்மைப் போன்ற ஒருவரைக் காண்பதற்கு, நாம் தூரம் போக வேண்டாம். தக்கலையிலிருந்து நாகர்கோவில் சாலையில் சற்றுத் தொலைவில், உதயகிரிக் கோட்டையை ஒட்டி, புலியூர்க்குறிச்சி இருக்கிறது. அந்த ஊரைச் சேர்ந்தவர் ஹெப்சிபா ஜேசுதாசன். 1925இல் பிறந்தவர். இளமைப் பருவத்தைப் பர்மாவில் கழித்தவர், ஆங்கில இலக்கியம் படித்து, திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். கணவர் சி. ஜேசுதாசன் தமிழ்ப் பேராசிரியர். வீட்டில் தமிழறிஞர் ஒருவர் இருக்க, தமிழில் நாவல் எழுத ஆங்கில ஆசிரியைக்கு என்ன துணிச்சல் என்று ஊர் கேட்கக்கூடும். அவர் எழுதினார். 1964இல் 'புத்தம் வீடு' வெளிவந்தபோது அவருக்கு வயது 39. பனையேறி மகன் ஒருவனை விரும்பும் லிஸி என்ற பெண்ணின் கதை அது. நம் ஊர்ப் பேச்சும் பனங்காடும் அதில் அப்படியே இருக்கின்றன. அதன்பின் 'டாக்டர் செல்லப்பா', 'அனாதை', 'மா-னீ' என மேலும் மூன்று நாவல்கள். எழுபதைத் தாண்டிய வயதில், தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் பல தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். முப்பத்தைந்து வயதிலேயே 'இனி நமக்கென்ன' என்று ஒதுங்குகிறவர்கள் இந்த ஆண்டுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

'அவர் பேராசிரியர், அவருக்கு நேரமிருந்தது' என்று யாராவது சொல்வார்கள். சரி, தேங்காப்பட்டணத்துக்குப் போவோம். அங்கே 1944இல் பிறந்த தோப்பில் முகமது மீரான், மிளகாய் வற்றல் வியாபாரி. படித்தது மலையாள வழியில். திருநெல்வேலியில் சரக்கும் வரவு செலவுமாக இருந்தபடியே தமிழில் எழுதினார். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வந்தது. 'சாய்வு நாற்காலி'க்காக 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். வீரநாராயணமங்கலத்தில் பிறந்த நாஞ்சில் நாடன் 1972இல் பிழைப்புக்காகப் பம்பாய் போனவர். விற்பனைப் பணியில் ஊர் ஊராக அலைந்தவர். அந்த அலைச்சலுக்கு நடுவே எழுதிய 'தலைகீழ் விகிதங்கள்' 1977இல் வெளிவந்தது. இந்த இருவரில் யாரும் எழுதுவதற்காக வேலையை விடவில்லை. வேலையை உதறிவிட்டுக் கனவின் பின்னே ஓடுங்கள் என்ற அறிவுரை கேட்க இனிக்கும். கடனும் கஞ்சியும் உள்ள வீடுகளுக்கு அது பொருந்தாது என்றே நாம் நினைக்கிறோம்.

அப்படியானால் நேரத்தை எங்கிருந்து எடுப்பது? நம் மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவரைப் பார்த்தால் கொஞ்சம் விளங்கும். அவர் விடியுமுன்னே தோட்டத்தில் இருப்பார். வெயில் ஏறுமுன் மரத்தினுள் அழுத்தம் மிகுதி, பால் நன்றாக ஓடும். அதே மரத்தை உச்சிவேளையில் வெட்டினால் அவ்வளவு கிடைக்காது. அவர் எடுப்பது மிக மெல்லிய ஒரு சீவல், ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம், புதுப்பட்டை சரியாக வளராது. நட்ட மரம் முதல் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

நமக்கும் ஒரு நாளில் பால் ஓடும் வேளை என்று ஒன்று உண்டு. சிலருக்கு அது அதிகாலை, சிலருக்குப் பிள்ளைகள் உறங்கிய பின். அந்த வேளையில் அரைமணி நேரம் போதும். ஆனால் 'நேரம் கிடைக்கும்போது' என்று விட்டுவிடக்கூடாது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் உடன் ஆய்வாளரும் 1997இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைக் காட்டுகிறது. கிறிஸ்மஸ் முன்னிரவை எப்படிக் கழித்தோம் என்று அடுத்த இரண்டு நாள்களுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டார்கள். ஒரு பிரிவினர் மட்டும் எப்போது, எந்த இடத்தில் அமர்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக் கொடுத்தார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் எழுதி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அனுப்பினார்கள். 'இரவு ஒன்பதரைக்கு, சாப்பாட்டு மேசையில், இரண்டு பக்கம்' என்று தாளில் எழுதி ஒட்டுவது அவ்வளவு சின்ன காரியம்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'காலை நான்கு மணிக்கு எழுந்து படியுங்கள்' என்று பெண்களிடம் சொல்பவர்கள், அவர்கள் ஏற்கெனவே நான்கு மணிக்கு எழுந்துதான் அரிசி களைகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். வீட்டில் ஒரு பெண் தேர்வுக்குப் படிக்க வேண்டுமென்றால் யாராவது பாத்திரம் கழுவ வேண்டும். யாராவது பிள்ளையை வேன் வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். அண்ணனும் அப்பாவும் கணவரும் அதில் ஒரு பங்கை எடுக்காத வீட்டில், அந்தப் பெண்ணிடம் மட்டும் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசுவது நியாயமல்ல. இந்த வாரம் வீட்டில் கூடி அமரும்போது, 'உனக்கு எந்த அரைமணி நேரம் வேண்டும்? அப்போது நான் எதைச் செய்யட்டும்?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளலாம்.

இடையில் முறிவு வரும். கல்யாணம், காய்ச்சல், திருவிழா என்று பத்து நாள் போய்விடும். அப்போது பலரும் எல்லாம் போயிற்று என்று மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். பால் வெட்டுகிறவருக்கும் மழைநாள் உண்டு, இலையுதிர் காலத்தில் வாரக்கணக்கில் வேலை நிற்பதும் உண்டு. மழை விட்டதும் அவர் புதிய மரத்தைத் தேடிப் போவதில்லை. பழைய மரத்தில், கடைசியாகக் கத்தி பட்ட கோட்டிலிருந்தே அடுத்த சீவலை எடுக்கிறார்.