மாயக் கதைகளும் மனையறமும்

"பிள்ளைகளுக்கு எந்தப் படத்தைக் காட்டலாம், சாமி?" என்னும் கேள்வி, இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் பெற்றோரிடமிருந்து எழுகின்றது. 1984-இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாக 'மை டியர் குட்டிச்சாத்தான்' வெளிவந்தபோது, கண்ணாடி அணிந்துகொண்டு, திரையிலிருந்து நீண்டு வந்தவற்றைக் கைநீட்டிப் பிடிக்க முயன்ற சிறுவர்கள் இன்று தாய் தந்தையராய், சிலர் தாத்தா பாட்டியராயும் இருக்கின்றனர். அன்று கொட்டகைக்குச் செல்வதென்றால் குடும்பமே கூடி முடிவு செய்யும். இன்றோ கொட்டகையே சுருங்கிப் பிள்ளையின் உள்ளங்கையில் வந்து அமர்ந்துவிட்டது.

பூதமும் மந்திரமும் நிறைந்த படங்களைக் குறித்துப் பெற்றோரிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. "வெறும் கட்டுக்கதை, காலம் வீண்" என்பர் ஒரு சாரார். "குழந்தைகள் சிரித்து மகிழ்ந்தால் போதாதா?" என்பர் மறு சாரார். இவ்விரண்டும் நமக்கு முழுமையாய்ப் படவில்லை. அண்மையில் நாம் கண்ட மூன்று படங்களை முன்வைத்து நம் கருத்தைக் கூற விழைகின்றோம். மூன்றும் மூன்று நாட்டுச் சூழலில் எழுந்தவை. மூன்றிலும் ஒரு குடும்பம் இடருறுகின்றது. மூன்றிலும் இயல்புக்கு அப்பாற்பட்ட ஒன்று குறுக்கிடுகின்றது. கதையின் முடிவைத் தொடாமல் இவற்றைப் பற்றிப் பேச இயலாது. இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்தருள்க.

கடனில் ஆழ்ந்த தந்தை

முதலாவது, ஃபிராங்க் காப்ரா இயக்கி 1946-இல் வெளிவந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. வெளியான காலத்தில் போட்ட முதலைக்கூட மீட்டுத் தராத படம் இது. 1974-இல் இதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போகவே, அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் கட்டணமின்றி ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ஒளிபரப்பத் தொடங்கின. அதன் பின்னரே வீடுதோறும் புகழ் பெற்றது. திரைப்படக் கலை தோன்றிய நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலிலும் இது இடம் பெற்றுள்ளது.

பெட்ஃபர்ட் ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் ஏழைகள் வீடு கட்டக் கடன் தரும் சிறு நிறுவனத்தை நடத்துபவன் ஜார்ஜ் பெய்லி. உலகைச் சுற்றிவர வேண்டும் என்ற தன் ஆசையைப் பிறர் பொருட்டு ஒவ்வொரு முறையும் துறந்தவன். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள், அவனுடைய சிற்றப்பா வங்கியில் கட்டவேண்டிய 8,000 டாலரைத் தவறவிடுகின்றார். அது பாட்டர் என்னும் செல்வந்தனின் கையில் சிக்குகின்றது. அவனோ வாய் திறவாது வைத்துக்கொள்கின்றான். சிறைவாசம் கண்முன் நிற்க, ஜார்ஜ் வீடு திரும்பிப் பிள்ளைகளிடம் எரிந்து விழுகின்றான். பின்னர் ஆற்றில் குதித்து உயிரை மாய்த்துக்கொள்ளப் பாலத்தின்மீது போய் நிற்கின்றான். அவனைக் காக்க வந்த கிளாரன்ஸ் என்னும் வானதூதர், அவன் பிறவாதிருந்தால் உலகம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதைக் காட்டுகின்றார். சிறுவயதில் பனிக்கட்டி உடைந்து நீரில் மூழ்கிய தம்பியைக் காப்பாற்றியவன் ஜார்ஜ். அவன் இல்லையேல் தம்பி இல்லை; தம்பி இல்லையேல், போரில் அத்தம்பி காத்த வீரர்களும் இல்லை.

இப்படத்தில் நம்மை மிகவும் ஆழ்ந்து சிந்திக்க வைத்தது, வானதூதர் ஒரு காசுகூடக் கொண்டு வரவில்லை என்பதே. பணத்தைக் கொண்டு வருபவர்கள் ஊர்மக்கள். ஊர்மக்களைத் திரட்டியவள் மனைவி மேரி. கணவன் இடரில் இருக்கிறான் என்று அறிந்ததும், மானம் போகுமே என்று வாளாவிராமல், பிறரிடம் எடுத்துச் சொன்னாள். வட்டிக்கடனில் சிக்கிய தந்தையர் எத்தனை பேர் மனைவியிடமும் அதை மறைத்து, இரவெல்லாம் உறங்காது விழித்திருக்கின்றனர்! அத்தகையோர் இல்லத்தில் இப்படம் ஓடுமாயின், ஏதேனும் ஒரு நாவின் பூட்டாவது திறக்கும் என நம்புகின்றோம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் இல்லாத உலகில் மேரி மணமாகாது, நூலகத்தில் பணிபுரியும் பெண்ணாகக் காட்டப்படுகின்றாள். அதுவே அவளுக்கு நேர்ந்த பெருங்கேடு என்பதுபோல் காட்சி அமைந்துள்ளது. மணம் புரியாமலே பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் தாங்கி நிறைவாழ்வு வாழும் மகளிரை அறிந்த நமக்கு இது ஏற்புடையதன்று.

நோயுற்ற தாய்

இரண்டாவது, ஜப்பானியரான ஹயாவோ மியசாகி வரைந்து இயக்கி 1988-இல் வெளிவந்த 'மை நெய்பர் டோட்டோரோ' என்னும் ஓவியப் படம். சாட்சுகி என்னும் பத்து வயதுச் சிறுமியும், மே என்னும் நான்கு வயதுத் தங்கையும் தந்தையோடு நாட்டுப்புறத்து வீடொன்றில் குடியேறுகின்றனர். தாய் நீண்டகால நோயால் மருத்துவமனையில் இருக்கின்றாள். இயக்குநரின் தாயாரே முதுகெலும்புக் காசநோயால் பல்லாண்டுகள் துன்புற்றவர் என்பதை அறிந்தபின், இப்படத்தின் ஒவ்வொரு காட்சியும் நமக்கு வேறு பொருள் தந்தது.

பெரிய கற்பூர மரத்தின் அடியில் வாழும் டோட்டோரோ என்னும் உரோமம் அடர்ந்த பெருவிலங்கு குழந்தைகள் கண்ணுக்கு மட்டுமே புலப்படுகின்றது. தான் கண்டதைச் சின்னவள் சொன்னபோது தந்தை நகைக்கவில்லை. பொய் பேசாதே என்று அதட்டவுமில்லை. மக்களை அழைத்துச் சென்று அம்மரத்தின்முன் நின்று வணங்குகின்றார். ஒரு குழந்தை தன் உள்ளத்தைத் திறக்கும்போது பெரியவர் எவ்வாறு செவிமடுக்க வேண்டும் என்பதற்கு அக்காட்சி ஒன்றே போதும்.

ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து தந்தி வருகின்றது. வீடு வருவதாயிருந்த தாய் வர இயலவில்லை. அதுவரை தாயின் இடத்தில் நின்று சமைத்து, தங்கைக்குத் தலைவாரிவிட்ட சாட்சுகி, அண்டைவீட்டுப் பாட்டியின்முன் தேம்பி அழுகின்றாள். முன்பும் சில நாள்கள் என்றுதானே சொன்னார்கள், அம்மா இறந்துபோனால் என் செய்வது என்பதே அவள் அச்சம். பாட்டிக்கு அருகில் நின்று அதைக் கேட்ட சின்னவள், ஒரு சோளக்கதிரைக் கையில் ஏந்தி, தாயிடம் சேர்ப்பிக்கத் தனியே புறப்பட்டு வழி தவறுகின்றாள்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணி நோயையும் சாவையும் அவர்களிடமிருந்து நாம் மறைக்கின்றோம். அடுத்த அறையில் தாழ்ந்த குரலில் பேசுகின்றோம். அவர்களோ யாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர். அரைகுறையாய்க் கேட்டதைத் தம் கற்பனையால் பெரிதாக்கித் தனியே அஞ்சுகின்றனர். வயதுக்குத் தக்கவாறு உண்மையைச் சொல்லி உடனிருப்பதே அன்பு என்பதை இப்படம் உணர்த்துகின்றது.

படத்தில் கொடியவன் என்று ஒருவனும் இல்லை; சண்டையும் இல்லை. விரைவுக்குப் பழகிய பிள்ளைகள் முதல் அரைமணி நேரம் நெளியக்கூடும். அவர்களோடு அமர்ந்து சற்றே பொறுத்திருங்கள்; மழையில் பேருந்துக்குக் காத்திருக்கும் காட்சி வந்ததும் அவர்கள் அசையமாட்டார்கள்.

மறக்கப்பட்ட முன்னோன்

மூன்றாவது, 2017-இல் பிக்சார் நிறுவனம் தயாரித்த 'கோகோ'. களம் மெக்சிகோ நாடு. இறந்தோரை நினைவுகூர அந்நாட்டார் நவம்பர் முதலிரு நாள்களில் கொண்டாடும் விழாவே கதையின் அடித்தளம். கல்லறைகளைத் துப்புரவு செய்து, செண்டுமல்லிப் பூக்களைத் தூவி, மெழுகுதிரி ஏற்றி, மறைந்தோரின் படங்களை வைத்து உணவு படைப்பது அவர்கள் மரபு. நவம்பர் 2-இல் கல்லறைத் திருநாளன்று பூவும் திரியுமாய்க் கல்லறைத் தோட்டம் செல்லும் நமக்கு அக்காட்சிகள் அந்நியமாய்த் தோன்றவில்லை.

படத்தைத் தயாரிக்கும்போதே ஒரு சர்ச்சை எழுந்தது. 2013-இல் டிஸ்னி நிறுவனம் அவ்விழாவின் பெயரையே தன் வணிக உரிமையாய்ப் பதிவு செய்ய முயன்றது. மக்கள் கொதித்தெழவே பின்வாங்கியது. அதைக் கேலிச்சித்திரமாய் வரைந்து சாடிய லாலோ அல்கராஸ் என்பவரே பின்னர்ப் படத்தின் ஆலோசகருள் ஒருவரானார். மக்களின் பக்தியை விலைபேச வந்தோரை மக்களே தடுத்து, நல்லதொரு படத்துக்கு வழிசெய்தனர் எனலாம்.

பன்னிரண்டு வயது மிகேல் செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பிறந்தவன். முன்னோர் ஒருவர் இசையை நாடி மனைவி மக்களைக் கைவிட்டுச் சென்றார் என்பதால், தலைமுறை தலைமுறையாய் அவ்வீட்டில் இசைக்குத் தடை. சிறுவனின் கித்தாரைப் பாட்டி நொறுக்குகின்றாள். இறந்தோர் உலகில் தற்செயலாய்ப் புகும் அவன், அம்முன்னோர் குடும்பத்திடம் திரும்பி வரப் புறப்பட்டவர் என்றும், வழியில் நண்பனால் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார் என்றும் அறிகின்றான். ஒரு நூற்றாண்டு வெறுப்பு, அறியாத செய்தி ஒன்றின்மேல் எழுந்து நின்றது! பங்குப்பிரிவினையில் நேர்ந்த ஏதோவொரு சொல்லுக்காக, பேரப்பிள்ளைகள்கூட ஒருவரையொருவர் பாராது போகும் குடும்பங்கள் நம்மிடையே இல்லையா?

நாம் உடன்படாத கருத்தொன்றும் இதில் உண்டு. நினைப்பார் எவருமில்லையெனின் இறந்தவர் அடியோடு அழிந்துபோவார் என்கிறது படம். மனிதர் மறந்தாலும் இறைவன் எவரையும் மறப்பதில்லை என்பது நம் நம்பிக்கை. பெயரறியாது புதைக்கப்பட்டோரும் அவர் திருமுன் பெயருடையவரே. இதனைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நஞ்சூட்டும் காட்சியும் மிகச் சிறியோரை அச்சுறுத்தக்கூடும்; ஏழெட்டு வயதுக்குமேல் காட்டுவது நலம்.

ஓர் அளவுகோல்

இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கியபோது ஓர் அளவுகோல் நமக்குப் புலப்பட்டது. மாயம் எதைச் செய்கின்றது, எதை மனிதருக்கு விட்டுவைக்கின்றது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வானதூதர் கடனை அடைக்கவில்லை. டோட்டோரோ அனுப்பிய பூனைப்பேருந்து, வழி தவறிய சிறுமியைக் கண்டுபிடித்துத் தருவது உண்மையே. ஆயினும் அது தாயின் நோயைத் தொடுவதில்லை. மருத்துவமனைச் சாளரத்தில் சோளக்கதிரை வைப்பவர்கள் குழந்தைகளே. மிகேலும் இறந்தோர் உலகிலிருந்து எப்பொருளும் கொண்டு வருவதில்லை. நினைவு மங்கிய கொள்ளுப்பாட்டியின் அருகமர்ந்து, அவளுடைய தந்தை பாடிய பாட்டைப் பாடுகின்றான். அவள் கண் திறந்து தந்தையை நினைவுகூர்கின்றாள். மாயம் அவர்களுக்குக் காணாததைக் காட்டியது. செய்ய வேண்டியதைச் செய்தவர்கள் அவர்களே.

கைவிரலைச் சொடுக்கினால் பொருள் குவியும், பகைவர் பொடியாவர், தேர்வில் மதிப்பெண் கூடும் என்று காட்டும் படங்கள், உழைப்பையும் பொறுமையையும் ஏளனம் செய்யப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றன. அவற்றினின்று இவற்றைப் பிரித்தறிவது பெற்றோர் கடமை.

ஆதலின் இல்லறத்தாரை வேண்டுகின்றோம். பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடாதீர்கள். மாதம் ஒரு மாலையேனும் குடும்பமாய் அமர்ந்து ஒரு படம் பாருங்கள். முடிந்ததும் உடனே அடுத்ததற்குத் தாவாமல் அரைமணி நேரம் பேசுங்கள். யாருக்காக நீ அழுதாய், அவள் இடத்தில் நீயிருந்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் மறுமொழியில் நீங்கள் இதுவரை அறியாத அச்சம் ஒன்று வெளிப்படலாம். அப்போது அறிவுரை கூற விரையாமல் செவிகொடுங்கள். தந்தையும் தம் மனச்சுமையை அன்றிரவு தாயிடம் சொல்வாராயின், அப்படம் அவ்வீட்டிற்குச் செய்த நன்மை பெரிது.