பிரெஞ்சுப் பள்ளிச் சட்டத்தில் ஒரு வினையடை

சொல்லாராய்ச்சி இலக்கியத்திற்கே உரியதென்று கருதுவார் உளர். சட்டமும் அதற்கு ஏற்ற களமே. பிரான்சு நாட்டு அரசுப் பள்ளிகளில் மாணவர் அணியும் சமய அடையாளங்களைப் பற்றிய 2004-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வினையடையைப் பற்றி நிற்றலை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

1989-இல் பாரிசுக்கு வடக்கேயுள்ள கிரேய் என்னும் ஊரில், முக்காட்டைக் களைய மறுத்த மாணவியர் மூவர் பள்ளியினின்று விலக்கப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 27-இல் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் தன் கருத்தை வெளியிட்டது. சமய அடையாளம் அணிதல் தன்னளவில் அரசின் சமயச் சார்பின்மைக்கு மாறாகாது. பகட்டாகவோ அறைகூவலாகவோ அமைந்து பிறரை நெருக்குமாயின் தடுக்கலாம் என்பது அதன் சாரம். ஆண்டுப் பயின்ற சொல் 'ஓஸ்தாந்தாத்துவார்'. பிறர் காண வேண்டும் என்னும் உட்கருத்தோடு காட்டுதலை அது குறிக்கும். நம் 'பகட்டு' அதற்கு அணித்தாக நிற்கும். உட்கருத்தை மெய்ப்பித்தல் அரிது. 1992-இல் அந்நீதிமன்றமே, அடையாளங்கள் அனைத்தையும் பொதுப்பட விலக்கிய ஒரு பள்ளியின் விதியைச் செல்லாதென்றது.

2003-இல் பாராளுமன்றக் குழுவொன்று 'விசீபிள்', அஃதாவது 'கண்ணுக்குப் புலனாகும்' என்னும் சொல்லைப் பரிந்துரைத்தது. அஃது ஏற்கப்பட்டிருப்பின் கழுத்திற் கிடக்கும் சிறு சிலுவையும் தப்பியிராது. 2004 மார்ச் 15-ஆம் நாளைச் சட்டமோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 'ஓஸ்தான்சிப்லமான்' என்பதைக் கொண்டது. 'நன்கு வெளிப்படுமாறு' என ஒருவாறு பெயர்க்கலாம். மூன்றையும் 'வெளிப்படையான' என்னும் ஒரு சொல்லால் தமிழாக்கின் பதினைந்தாண்டு வழக்கே மறைந்துபோம்.

முந்தைய சொல் பெயரடை. அடையாளத்தின் இயல்பைச் சுட்டுவது. புதியது வினையடை, 'வெளிப்படுத்துகின்றனர்' என்னும் வினையைத் தழுவுவது. அவ்வினைக்கு எழுவாய் மாணவர். ஆகவே, இலக்கண நெறிப்படி ஆராயத்தக்கது மாணவரின் செயலேயன்றி அவர் அணிந்த துணியன்று என்பது எம் கருத்து. ஆயின் அவ்வாண்டு மே 18-இல் வந்த சுற்றறிக்கை, முக்காடு, யூதரின் கிப்பா, அளவிறந்த பெருஞ்சிலுவை எனப் பொருள்களையே எடுத்துக்காட்டியது. வினைக்குரிய அடை பெயரின்மேல் ஏறிற்று.

இவ்விரு பொருளும் 2007 டிசம்பர் 5-இல் ஒருங்கே வெளிப்பட்டன. பெரிய தலைப்பாகைக்கு மாற்றாகச் சீக்கிய மாணவர் கட்டும் 'கெஸ்கி' என்னும் சிறு தலைக்கட்டு, அணிந்த அளவிலேயே சமயத்தை வெளிப்படுத்துவதென அந்நீதிமன்றம் கொண்டது. மாணவியொருத்தி தலையிற் கட்டிய சதுரத் துணியோ தன்னளவிற் சமயக் குறியன்று. இடையறாது அணிந்து களைய மறுத்த அவள் நடத்தையால் அவ்வாறாயிற்று என்றது. காரணம் வேறு, பள்ளியினின்று நீக்கப்பட்டமை இருவர்க்கும் ஒன்றே. கல்வி இழக்கும் சிறாருக்கு இவ்வேறுபாட்டால் யாது பயன்?

2012-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு இத்தகைய நீக்கமொன்றைச் சமய உரிமைக்கு முரணானதென்றது. அம்மாணவர் தம் சொந்த நடத்தையால் தீங்கு விளைத்தார் எனக் காட்டப்படவில்லை. ஒரு பெருவகுப்பினருள் அடங்கியமையாலேயே தண்டிக்கப்பட்டார் என்பது குழு கூறிய காரணம். எழுவாயைத் தேடிச் சென்ற தீர்ப்பு இது எனலாம்.

எனினும் சட்டம் மாறவில்லை. 2023 செப்டம்பர் 7-இல், 'அபாயா' என்னும் நீளங்கிக்கு அரசு விதித்த தடையை நிறுத்திவைக்க நீதிமன்றம் மறுத்தது. அவ்வுடை சமயத்தை உறுதிப்படுத்தும் நோக்கில் அணியப்படுகின்றது என்பதற்கு அது காட்டிய சான்றுகளுள், பள்ளியினர் உரையாடியபோது மாணவர் தாமே கூறிய சொற்களும் இருந்தன.