தனித்து நிற்கும் குடும்பமும் ஊராரின் துணையும்

இலங்கையின் வடமேற்குக் கரையில், ஒரு தாம்போதியாலும் பாலத்தாலும் பெருநிலத்தோடு இணைக்கப்பட்டிருப்பது மன்னார்த் தீவு. தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, தாழ்வுபாடு, பள்ளிமுனை ஆகிய ஊர்களைக் கொண்ட இம்மணற்பாங்கான நிலத்தில் கடலும் பனையுமே மக்களுக்குப் பெருந்துணை. கடற்றொழிலோ தனியொருவராற் செய்யத்தக்கதன்று. ஆண் கடலுக்குச் செல்வான். பெண் கரையில் மீன் தெரிந்து, கருவாடு காயவைத்து, வலையிற் சிக்கிய பாசியை நீக்கி, பிள்ளைகளையும் பேணுவாள். இருவரில் ஒருவர் இல்லாது போகும்பொழுது வருமானத்திற் பாதி குறைந்தது என்று கணக்கிடுவது பிழையாகும். எஞ்சியவர் தொழிலுக்குப் போனால் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. பிள்ளைகளைப் பார்த்திருந்தால் அடுப்பெரியாது. ஒருவர் பிரிவால் மற்றவரின் உழைப்பும் முடங்கிப்போகின்றது.

இத்தகைய குடும்பங்களுக்கு இரங்கிக் கொடுப்பவர்கள் எவ்வூரிலும் உண்டு. ஆனால் காலமறிந்து கொடுப்பதும், கணக்கோடு கொடுப்பதும், பெறுபவர் தலைகுனியாதபடி கொடுப்பதும் அரிது. ஊரார் கூடி நடத்தும் ஓர் உதவிச் சங்கத்தின் வெற்றி, அதன் நிதியின் பெருமையைக் காட்டிலும் நிருவாகத்தின் நேர்மையிலேயே தங்கியிருக்கின்றது. மன்னாரின் அண்மைக்கால வரலாறு இதனை நன்கு உணர்த்தும்.

இலங்கையில் ஏறத்தாழ நான்கு குடும்பங்களுள் ஒன்று பெண்ணைத் தலைவியாகக் கொண்டது. மன்னாரில் அதற்குரிய காரணங்கள் பல. கடல் கொண்டுபோனோர் உளர். நீண்ட போரில் மாண்டோர் உளர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முதலிய இடங்களில் அகதிகளாயினர்; தமிழ் மக்களிற் பலர் தோணியேறித் தமிழ்நாடு சென்றனர். இவ்விடப்பெயர்வுகளாற் குடும்பங்கள் சிதறின. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபின்னும், காணாமற்போனவர் திரும்புவாரெனக் காத்திருக்கும் மனைவியர் இருக்கின்றனர். இவர்களோடு கணவனாற் கைவிடப்பட்டோரையும் சேர்த்தல் வேண்டும். மனைவியை இழந்த தந்தையரும், மனைவி மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப்பணிக்குச் சென்றிருக்கப் பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் தந்தையரும் உண்டு.

ஆகவே சங்கத்தின் முதற் பணி, உதவிக்குரியவர் யாரென்று வரையறுப்பது. ‘விதவைகள் நிதி’ என்று பெயரிட்ட மாத்திரத்தே, காணாமற்போனவரின் மனைவி அவ்வாசலில் நின்றுவிடுவாள். தன் கணவன் இறந்தானென்று ஒப்புக்கொண்டாலன்றி உதவி இல்லையென்பது அவளுக்கு உதவியாகாது, தண்டனையாகும். கைவிடப்பட்டவள் வெட்கத்தால் ஒதுங்குவாள். தந்தையோ தமக்கும் அதில் இடமுண்டென்று எண்ணவே மாட்டார். ‘பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் பெற்றோர்’ என்று வரையறுத்தால், காரணத்தைக் கேட்கவேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லாது போகின்றது.

இரண்டாவது பணி, குடும்பங்களைச் சென்று காண்பது. இதற்கு நல்லதொரு முன்மாதிரி அயல்நாட்டு வரலாற்றிற் கிடைக்கின்றது. ஜெர்மனியில் எல்பர்பெல்ட் என்னும் நெசவுத்தொழில் நகரத்தார் 1853ஆம் ஆண்டு ஏழைகளுக்கான உதவியைப் புதிய முறையில் ஒழுங்கு செய்தனர். நகரம் சிறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஊதியமின்றிப் பணிபுரியும் பார்வையாளர் ஒருவரின் பொறுப்பில் நான்கு குடும்பங்களுக்கு மேல் விடப்படவில்லை. உதவி இரு வாரங்களுக்கே வழங்கப்பட்டு, பின்னர் மீண்டும் ஆராயப்பட்டது. ஏழைகளிடம் அம்முறை காட்டிய கண்டிப்பு இக்காலத்துக்குப் பொருந்தாது. ஆயினும் ஒருவருக்கு நான்கே குடும்பங்கள் என்னும் விதி இன்றும் பொன்னானது. நாற்பது குடும்பங்களை ஒருவரிடம் ஒப்படைத்தால் அவர் பட்டியலைக் காண்பாரேயன்றி மனிதரைக் காணமாட்டார்.

காணச் செல்பவர் இருவராகச் செல்வது நன்று; அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும். தனித்து வாழும் பெண்ணின் வீட்டுக்கு ஆடவர் ஒருவர் அடிக்கடி போய்வந்தால், அயலாரின் பேச்சு அவளையே சுடும். வீட்டு நிலைமையைக் குறித்துக்கொள்ளும் புத்தகம் காரியதரிசியின் பூட்டிய பெட்டியில் இருக்கவேண்டும். கூட்டத்திற் பெயருக்குப் பதிலாக இலக்கத்தைச் சொல்லி முடிவெடுக்கலாம். உதவி பெறுவோரை மேடையேற்றிப் படம் பிடித்தலும், அரிசிப் பொதியைக் கையில் வைத்து நிற்கச்செய்தலும் அடியோடு விலக்கத்தக்கன. அன்னையின் படத்தை நாளை பள்ளித் தோழர் பார்ப்பர் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, காலமறிதல். மன்னார்க் கரையில் வருமானம் மாதச் சம்பளம் போல வருவதன்று. சோளகக் காற்று வீசும் மாதங்களில், வளைகுடாவை நோக்கிய தெற்குக் கரை கொந்தளிக்கும். வாடைக் காற்று வீசும் மாதங்களில், பாக்குநீரிணையை நோக்கிய வடக்குக் கரையிற் கடல் கலங்கும். மீன்படாத நாளில் மீன் தெரியும் பெண்ணுக்கும் கருவாடு போடும் பெண்ணுக்கும் கூலி கிடையாது. மழைக்காலத்திற் கருவாடு காயவும் மாட்டாது. தாழ்வுபாட்டில் நெருக்கடியான மாதம் பேசாலைக்கும் அவ்வாறே இருக்கவேண்டுமென்பதில்லை. ஆதலின் ஆண்டு முழுவதும் சமமாகப் பங்கிடுவதைவிட, ஒவ்வோர் ஊருக்கும் உரிய வறுமை மாதங்களை முன்கூட்டியே குறித்து, அவற்றிற்கெனப் பணத்தை ஒதுக்கிவைப்பதே அறிவுடைமை. புதிய கல்வியாண்டு தொடங்கும் வேளையும் அத்தகையதே. பாடநூலை அரசாங்கம் இலவசமாக வழங்குகின்றது. ஆனால் சப்பாத்தும் கொப்பிகளும் பையும் வாங்கப் பணமின்றிப் பிள்ளையை வீட்டில் நிறுத்துவோர் உண்டு. குறிப்பாக மூத்த பெண்பிள்ளை, தாய் வேலைக்குப் போகும் நாட்களில் தம்பி தங்கையரைப் பார்க்க மறிக்கப்படுகின்றாள். நம்பிக்கையான ஓரிடத்திற் சிறு பிள்ளைகளைக் காலையிற் சில மணிநேரம் பார்த்துக்கொள்ளச் சங்கம் ஒழுங்கு செய்தால், தாயின் கூலியும் மகளின் படிப்பும் ஒருங்கே காக்கப்படும்.

நான்காவதாகிய பண விடயமே எல்லாவற்றிலும் கடினமானது. கொடையும் கடனும் ஒன்றோடொன்று கலக்கலாகாது. பசிக்குக் கொடுப்பது கொடை. அதனைத் திருப்பிக் கேட்டலாகாது. தொழிலுக்குக் கொடுப்பது கடன். அதனைத் தொழிலின் வருவாயறிந்து கொடுத்தல் வேண்டும். பசிக்குக் கடன் வாங்கியவரின் துயரத்தை வடக்கும் கிழக்கும் கண்கூடாகக் கண்டன. போருக்குப் பின்னர் நுண்கடன் நிறுவனங்கள் ஊர்கள்தோறும் வந்து, பெண்களைக் குழுக்களாக்கிக் கடன் கொடுத்தன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதனை அடைக்க மற்றொன்று எனப் பல குடும்பங்கள் அமிழ்ந்தன. 2018ஆம் ஆண்டில் அரசாங்கம், மன்னார் உட்பட வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்று அடைக்க இயலாதிருந்த 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தமை இத்துயரத்தின் அளவைக் காட்டும்.

கடன் வாங்குமுன் வட்டியின் உண்மையை விளக்கிக் காட்டுவதும் சங்கத்தின் கடமை. எடுத்துக்காட்டாக, 50,000 ரூபா கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 24 என்று சொல்லி, முழுத்தொகைக்கும் வட்டி கணக்கிட்டு, 52 வாரங்களிற் திருப்பிக் கேட்பதாகக் கொள்வோம். வட்டி 12,000 ரூபா, மொத்தம் 62,000, வாரத் தவணை ஏறத்தாழ 1,192 ரூபா. ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதல் குறைந்து வருவதால், ஆண்டிற் சராசரியாக அவள் கையிலிருப்பது 25,000 ரூபா அளவே. எனவே உண்மை வட்டி நூற்றுக்கு 40க்கும் மேலாகின்றது. அன்றியும், கடல் கொந்தளிக்கும் வாரத்திலும் தவணை நிற்பதில்லை. ஊர்ச் சங்கம் கொடுக்கும் கடனில், மீன்படும் காலத்திற் கூடுதலாகவும் படாத காலத்திற் குறைவாகவும் செலுத்தத் தவணையை வகுக்கலாம்.

கணக்கைப் பொறுத்தவரை நான்கு விதிகள் போதுமானவை. வரவுக்கும் செலவுக்கும் அன்றன்றே பற்றுச்சீட்டு வேண்டும். வங்கியிற் பணமெடுக்க இருவர் கையொப்பம் வேண்டும். தனாதிகாரியின் கையில் இருக்கக்கூடிய காசுக்கு வரையறை வேண்டும். மூன்று மாதத்துக்கொருமுறை கணக்கைச் சங்கத்தின் பதவியிலில்லாத ஒருவர் பார்வையிட்டு, மொத்தத் தொகைகளை மட்டும் எல்லோருக்கும் வாசித்தல் வேண்டும். இவ்விதிகள் எவர்மீதும் கொண்ட ஐயத்தால் எழுந்தவையல்ல. நேர்மையானவரை வீண்பழியினின்றும் காப்பவை. இலங்கையில் 1911ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் இயற்றப்பட்ட காலந்தொட்டு, ஊர்ச் சங்கங்களின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானித்து வந்தது கணக்குப் புத்தகமே.

ஐந்தாவது பணி, உரிமைகளைப் பெற்றுக்கொடுப்பது. சங்கம் மாதந்தோறும் கொடுக்கக்கூடிய சிறுதொகையைவிட, முறையாக நிரப்பப்பட்ட ஒரு விண்ணப்பப் படிவம் அதிகம் கொடுக்கும். 1995ஆம் ஆண்டில் தொடங்கிய சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக, 2023ஆம் ஆண்டிலிருந்து அஸ்வெசும என்னும் உதவி வழங்கப்படுகின்றது. அதற்கு விண்ணப்பிப்பதிலும் மறுக்கப்பட்டால் மேன்முறையிடுவதிலும் எழுத்தறிவு குறைந்தவருக்குத் துணை வேண்டும். கைவிட்டுச் சென்ற தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்குத் தாபரிப்புப் பெற 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கின்றது. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். முஸ்லிம் குடும்பங்களின் தாபரிப்பு வழக்குகளைக் காதி நீதிமன்றம் விசாரிக்கின்றது.

காணாமற்போனவரின் மனைவிக்கு இடர் இன்னும் பெரிது. வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் சம்மதம் வேண்டும். அச்சம்மதத்தை யாரிடம் பெறுவது? 2010ஆம் ஆண்டின் சட்டம் மரணச் சான்றிதழ் பெற வழிவிட்டது. ஆனால் அதனைக் கையில் வாங்க மனமில்லாதோர் பலர். 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், மரணமென்று பதியாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறுவதற்கு இடமளித்தது. எதனைப் பெறுவதென்பதை அவளே தீர்மானித்தல் வேண்டும். வழியைச் சொல்வதும், பிரதேச செயலகத்துக்குக் கூடச் செல்வதும், பேருந்துக்கூலி கொடுப்பதுமே சங்கத்தின் வேலை, முடிவெடுக்கும்படி நெருக்குவதன்று.

இப்பணிகளைச் செய்யச் சங்கம் தனித்து நிற்கவேண்டியதில்லை. கிராம அலுவலரும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளர். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளன. மன்னார் மறைமாவட்டத்தின் வாழ்வுதயம் போன்ற சமூகசேவை நிலையங்களும் உண்டு. யார் என்ன கொடுக்கின்றனர் என்பதை அறிந்து வைத்திருந்தால், ஒரே வீட்டுக்கு மூன்று தையற்பொறிகள் சென்று அடுத்த வீட்டுக்கு ஒன்றும் செல்லாத நிலை நேராது.

உதவி பெறுவோர் உதவியை நடத்துவோராகவும் ஆகலாம் என்பதற்கு மன்னாரிலேயே சான்று உண்டு. 1990களின் பிற்பகுதியில், தாமும் இடம்பெயர்ந்தவரான ஷிரீன் சரூர் என்னும் பெண்மணியும் பிறரும் சேர்ந்து மன்னார் மாதர் அபிவிருத்தி ஒன்றியத்தை அமைத்தனர். போராற் பிரிந்த தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் அதில் ஒருங்கு சேர்ந்து சிறுகடன், உரிமைக் கல்வி ஆகிய பணிகளில் ஈடுபட்டனர். போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இரு சமூகத்தாரும் ஓரமைப்பில் அமர்ந்தனர் என்பது கருதத்தக்கது. தனித்து நிற்கும் தாயின் கவலைக்கு மதமில்லை. அவளுக்கான சங்கத்தின் புத்தகத்திலும் அப்பேதம் இருத்தலாகாது.

ஆகவே நிருவாகக் குழுவில் மூன்றிலொரு பங்கினரேனும் பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் பெற்றோராயிருத்தல் நன்று. கூட்டத்தை அவர்கள் வரக்கூடிய நேரத்தில், பிள்ளைகளோடு வரக்கூடிய இடத்தில் வைத்தல் வேண்டும். பதவிகள் குறித்த காலத்தில் மாறவேண்டும். புதியவர் பொறுப்பேற்குமுன் பழையவரோடு சில மாதங்கள் பழகவேண்டும். தலைவர் ஒருவரின் பெயராலேயே நிற்கும் சங்கம், அவர் களைத்த நாளிற் களைத்துவிடும்.

ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கையில் எத்தனை குடும்பங்களுக்கு உதவினோம் என்ற எண் முதலிற் காணப்படுவது வழக்கம். அதனோடு வேறு சில எண்களும் இடம்பெறல் வேண்டும்: எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு மீண்டனர், எத்தனை பேர் கடனினின்றும் நீங்கினர், எத்தனை பேர் தம் உரிமைப்பணத்தைப் பெற்றனர், எத்தனை குடும்பங்கள் இனி உதவி வேண்டாமென்று சொல்லிப் பட்டியலிலிருந்து விலகின. இந்தக் கடைசி எண் ஆண்டுதோறும் சிறிதேனும் ஏறுமாயின், அச்சங்கம் தன் வேலையைச் சரியாகச் செய்கின்றதென்று கொள்ளலாம்.