பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை மட்டுந்தானா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

"படித்து முடித்ததும் என்ன வேலைக்குப் போவாய்?" என்று என் தந்தையார் கேட்டபோது நான் அறிந்திருந்த விடைகள் மூன்றே: பள்ளி ஆசிரியர், வங்கி எழுத்தர், குரூப் நான்கு தேர்வு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வேறு வழி சொல்ல வீட்டில் எவருமில்லை.

சென்ற ஆண்டு எங்கள் துறையினர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திற்குச் சென்றோம். அங்கே நிறமாலைமானியை இயக்கிக் காட்டியவர் பேராசிரியர் அல்லர், அக்கருவிக்கென்றே அமர்த்தப்பட்டவர். அன்றுதான் ஓர் உண்மை விளங்கிற்று. ஓர் ஆய்வு நடக்கப் பேராசிரியர் ஒருவர் போதாது. கருவி இயக்குநர், ஆய்வக உதவியாளர், நூலகர், கணக்கர் எனப் பலர் வேண்டும்.

இவ்வேலைகள் இருவகைப்படும். ஒன்று நிரந்தரப் பணி. இதற்கு முறையான அறிவிப்பும் தேர்வும் உண்டு. மற்றொன்று திட்டப் பணி. பேராசிரியர் ஒருவர் தம் ஆய்வுத் திட்டத்தை எழுதி, 1971இல் தோன்றிய மைய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை போன்றவற்றிற்கு அனுப்புகிறார். அது ஏற்கப்பட்டால், கருவிக்கும் வேதிப்பொருளுக்கும் பணம் ஒதுக்குவது போலவே ஆள் அமர்த்தவும் ஒதுக்குகிறார்கள். திட்ட உதவியாளர் பணி பலவற்றிற்கு பி.எஸ்ஸி. பட்டமே போதும். ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எம்.எஸ்ஸி. பயில்வோர்க்கு மற்றொரு வாயில் உண்டு. சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்று ஆய்வில் சேர்ந்தால் உதவித்தொகை கிடைக்கும். 2023 சனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நம் போன்ற இளைய மாணவர்க்கு, மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வுப் பயிற்சி நல்ல தொடக்கமாகும்.

திட்டப் பணி அறிவிப்புகள் பெரும்பாலும் நாளிதழில் வருவதில்லை. பல்கலைக்கழக இணையதளத்தின் ஒரு மூலையில் வெளியாகி, இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடுகின்றன. நம் கல்லூரியில் படித்த அண்ணன் ஒருவருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. அறிவிப்பு அவர் கண்ணில் பட்டதோ கடைசி நாள் கழிந்து நான்கு நாள் சென்றபின். இன்று அவர் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். அவர் தோற்றது தேர்வில் அன்று, செய்தியில். ஆய்வு பற்றித் தெரிந்த உறவினர் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அச்செய்தி தானாக வந்து சேர்கிறது; நமக்கு அவ்வாறு வருவதில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். நண்பர்களே, விரும்பும் துறைப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதக் கூசாதீர்கள். அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, நமக்குத் தெரிந்த செய்முறைகளையும் குறித்துப் பத்து வரியில் எழுதினால் போதும். "ஏதேனும் வேலை தாருங்கள்" என்று மட்டும் எழுதும் கடிதத்திற்குப் பதில் வருவது அரிது.

ஆசிரியப் பெருமக்களே, தங்களோடு பயின்றோர் பலர் இன்று பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வரும் அறிவிப்புகளை ஒட்ட நூலக வாயிலில் ஒரு பலகை அமைத்துத் தாருங்கள். திங்கள்தோறும் இணையதளங்களைப் பார்த்து அதில் எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

தந்தையாரின் கேள்விக்கு நான்காவது விடை ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. அடுத்து வரும் தம்பி தங்கையர்க்கு அது முதலாண்டிலேயே தெரியட்டும்.