ஆடுகளைச் செயற்கை முறையிற் சினைப்படுத்தல்

நுரைச்சோலையின் நிலம் மணற்பாங்கானது. கடலுக்கும் புத்தளக் களப்புக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் மிளகாயும் வெங்காயமும் பீற்றூட்டும் விளைவது கிணற்று நீரினாலும் எருவினாலுமேயாம். இடும் இரசாயன உரத்தில் ஒரு பகுதி நீரோடு கீழிறங்கிக் கிணறுகளைச் சேர்கிறது. கற்பிட்டிக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பது இதனாலேயே. ஆட்டெருவோ மணலுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் தன்மையைத் தருகிறது. இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த 2021 ஆம் ஆண்டில் எருவின் அருமை நாடெங்கும் பேசப்பட்டது.

ஆயினும், நாலைந்து மறிகளை வைத்திருக்கும் தோட்டக்காரருக்கு உயர்ந்த கிடாய் ஒன்றை வாங்கித் தீனியிட்டு வளர்ப்பது கட்டுப்படியாகாது. ஆகவே பட்டியிற் பிறந்த கிடாயே விடப்படுகிறது. அது தன் தாயையும் உடன்பிறந்த மறிகளையும், பின்னர்த் தன் குட்டிகளையுமே சேரும். இவ்வாறு தலைமுறைகள் செல்லச் செல்லக் குட்டிகள் சிறுத்துப் பாலும் குன்றும். குட்டிச் சாவும் மிகும். கிடாயை மாற்றுவதே இதற்குப் பரிகாரம். கிடாயை வாங்க இயலாதவர்க்கு அதன் விந்தே போதுமானது.

கிடாய் ஒருமுறை வெளியிடும் விந்து ஏறக்குறைய 1 மில்லிலீற்றரே. இயற்கைச் சேர்க்கையில் அது ஒரு மறிக்கே செலவாகிறது. ஐதாக்கினாற் பத்துக்கு மேற்பட்ட மறிகளுக்குப் போதும். ஐதாக்குவதில் ஆட்டுக்கென ஒரு சிக்கல் உண்டு. காளை விந்தைக் காக்கப் பயன்படும் முட்டை மஞ்சட்கரு, கிடாய் விந்திலுள்ள ஒரு நொதியத்தாற் கட்டிபடுகிறது. 1957 இல் இது அறியப்பட்டது. இதனால் விந்தைக் கழுவியோ, மஞ்சட்கருவைக் குறைத்தோ, கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்தோ பதப்படுத்துவர். உறையவைத்த விந்து −196 பாகை செல்சியசிலுள்ள திரவ நைதரசனில் ஆண்டுக்கணக்கிற் கெடாதிருக்கும்.

எவ்வளவு நல்ல விந்தாயினும் காலந் தவறினாற் பயனில்லை. மறி ஏறக்குறைய 21 நாளைக்கு ஒருமுறை வேட்கைக்கு வரும். அது ஒன்று முதல் இரண்டு நாள் வரையே நீடிக்கும். ஓயாது கத்துதல், வாலை விரைந்து ஆட்டுதல், தீனியில் நாட்டமின்மை, குறியிலிருந்து வழவழப்பான திரவம் வடிதல் ஆகியன அறிகுறிகள். காலையிற் கண்டால் அன்று மாலையும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையும் சினைப்படுத்துதல் நன்று.

பல மறிகளை ஒரே நாளில் வேட்கைக்குக் கொண்டுவரவும் முறைகள் உள்ளன. ஓமோன் ஊட்டிய பஞ்சினை யோனியில் வைத்து, குறித்த நாட்களின் பின் எடுப்பது ஒன்று. புரொஸ்தாகிலாண்டின் ஊசியை 10 அல்லது 11 நாள் இடைவெளியில் இருமுறை ஏற்றுவது மற்றொன்று. பின்னதில் எச்சரிக்கை வேண்டும். சினையுள்ள மறிக்கு அதனை ஏற்றினாற் கரு கலைந்துவிடும். ஆதலால் சினையில்லை என்பதை மிருக வைத்தியர் உறுதிசெய்த பின்னரே ஏற்றுதல் வேண்டும். இம்மருந்து தோலினூடாகவும் உடலிற் சேருமாகையாற் கருவுற்ற பெண்களும் ஆஸ்த்துமா நோயாளரும் அதனைத் தொடுதலாகாது.

ஒரே காலத்தில் குட்டிகள் பிறந்தால் பராமரிப்பு எளிது. சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். செப்தெம்பர் 1 ஆந் திகதி சினைப்பட்ட மறி சனவரி 29 ஆந் திகதி அளவில் ஈனும். மாரியின் கடுமழை ஓய்ந்து, பசும்புல் நிற்கும் வேளை அது. வயல் வைத்திருப்போருக்கும் இது ஏற்றதே. வரப்புப் புல் அப்போது தாராளமாகக் கிடைக்கும்.

கருமாற்றம் என்னும் முறையும் உண்டு. சிறந்த மறியின் கருக்களை எடுத்து வேறு மறிகளின் கருப்பையில் வைப்பர். 1890 இல் இங்கிலாந்தில் வோல்ற்றர் ஹீப் என்பார் முயல்களில் இதனை முதன்முதலிற் செய்து காட்டினார். ஆட்டில் இதற்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சை வேண்டியிருப்பதால் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் பெரும் பண்ணைகளுக்குமே பொருந்தும். காஷ்மீரில் 2012 இல் பஷ்மினா ஆடொன்று படியாக்க முறையிற் பிறந்தது. சிறு கமக்காரருக்கு அதனால் உடனடிப் பயன் ஏதுமில்லை.

எந்தக் கிடாயின் விந்து என்பதே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. பேருருக் கொண்ட போயர், ஜமுனாபாரி விந்தைச் சிறிய நாட்டு மறிக்கு, அதிலும் தலையீற்று மறிக்கு, இட்டால் ஈனுதல் கடினமாகித் தாயும் குட்டியும் மடியக்கூடும். அத்தகைய மறிக்கு அளவிற் பொருந்திய கிடாயையே தேர்தல் வேண்டும். இம்மாவட்டத்திலேயே, கொட்டுக்கச்சிய அரச பண்ணையில் உருவான இனம் வறண்ட வலயத்துக்கு ஏற்றது. விந்து கிட்டாத இடத்தில், பத்துப் பன்னிரண்டு வீட்டார் கூடி அவ்வினக் கிடாய் ஒன்றை வாங்கி, ஈராண்டுக்கு ஒருமுறை அயலூராருடன் மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் சினைப்படுத்திய நாளையும் கிடாயின் அடையாளத்தையும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்தல் வேண்டும். 21 நாளின் பின் மறி மீண்டும் கத்தத் தொடங்கினாற் சினை நிற்கவில்லை எனக் கொண்டு மறுமுறை சினைப்படுத்துக.