கரிம மென்படலங்களில் மூலக்கூறு அடுக்கமைவும் அடித்தளத்தின் பங்கும்

ஆய்வுச் சுருக்கம்

கரிமக் குறைகடத்தி மென்படலங்களில் மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்பதும் படுத்துக் கிடப்பதும் பெரிதும் அடித்தளப் பரப்பைப் பொறுத்தே அமைகின்றன. கண்ணாடித் தகட்டில் அளந்த அடுக்கமைவை மின்முனையின் மேலுள்ள படலத்திற்கும் ஏற்றிக் கூறுவது பிழைபடக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பென்டசீன், தாமிர தாலோசயனின், பரப்பு ஆற்றல், எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு

முன்னுரை

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் மென்படல ஆய்வைத் தொடங்கும் மாணவருக்கு எளிதில் கிடைக்கும் அடித்தளம் நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடே ஆகும். எக்ஸ்-கதிர் அளவீடு அத்தகட்டில் நிகழ்கிறது. மின்னியல் அளவீட்டுக்கு மட்டும் இண்டியம் வெள்ளீய ஆக்சைடு பூசிய கண்ணாடியோ தங்க மின்முனையோ பயன்படுகிறது. பின்னர் இரு முடிவுகளும் ஒரே படலத்திற்கு உரியவைபோல ஆய்வேட்டில் இணைக்கப்படுகின்றன. வேதிப்பொருள் ஒன்றாயினும் அவ்விரு படலங்களின் உள்ளமைப்பு ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நிற்றலும் கிடத்தலும்

ஐந்து பென்சீன் வளையங்கள் வரிசையாக இணைந்த பென்டசீன் மூலக்கூறு ஏறத்தாழ 1.6 நானோமீட்டர் நீளமுடையது. வெற்றிடத்தில் ஆவியாக்கி இதனைச் சிலிக்கன் டை ஆக்சைடின்மேல் படியவைத்தால் மூலக்கூறுகள் சற்றே சாய்ந்து நிமிர்ந்து நிற்கின்றன. அடுக்கு இடைவெளி 1.54 நானோமீட்டர். பருப்படிகத்தில் இந்த இடைவெளி 1.41 முதல் 1.45 நானோமீட்டர் வரையே உள்ளது. ஆகவே ஆக்சைடின்மேல் உருவாவது ‘மென்படல நிலை’ எனத் தனியே பெயர்பெற்ற வேறொரு படிக வடிவமாகும். அதே பென்டசீன், தூய தங்கப் படிகப் பரப்பிலும் கிராஃபைட்டிலும் படுத்துக் கிடக்கிறது.

இதன் காரணம் இரு ஈர்ப்புகளின் போட்டியாகும். உலோகத்தின் மின்னணுக்களோடு மூலக்கூறின் பை மின்னணுக்கள் வலுவாக உறவுகொள்ளும்போது, மூலக்கூறு தன் அகன்ற முகத்தைப் பரப்பில் பதிக்கிறது. ஆக்சைடோடு உள்ள ஈர்ப்பு வலுவற்றது. ஆகவே மூலக்கூறுகள் தமக்குள் நெருங்கி, பரப்பு ஆற்றல் மிகக் குறைந்த தளம் மேலே தெரியுமாறு நின்றுகொள்கின்றன. எனினும் தங்கம் என்றாலே கிடத்தல் என்று கொள்ளலாகாது. ஆய்வகத்தில் ஆவியாக்கிய தங்கம் பல்படிகமாகவும் மேடுபள்ளமாகவும் இருப்பதால், அதன்மேல் கலப்பு நிலைகளே மிகுதியாகக் காணப்படுகின்றன.

தாமிர தாலோசயனினும் இவ்வாறே. கண்ணாடியில் நிற்கும் இம்மூலக்கூறுகளைப் படுக்கவைக்க, இடையில் சில நானோமீட்டர் தடிப்புள்ள தாமிர அயோடைடு அடுக்கு ஒன்றே போதும்.

இவ்வேறுபாடு சாதனத்தின் பயனை முடிவுசெய்கிறது. மின்னூட்டம் மூலக்கூறுகளின் முகங்கள் அடுக்கப்பட்ட திசையில் எளிதாக நகரும். புல விளைவு டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் பரப்புக்கு இணையாகச் செல்வதால் நிற்கும் மூலக்கூறுகள் ஏற்றவை. சூரிய மின்கலத்தில் அது செங்குத்தாகச் செல்லவேண்டியிருப்பதால் கிடக்கும் மூலக்கூறுகள் ஏற்றவை. 1999ஆம் ஆண்டில் சிரிங்ஹாஸ் குழுவினர், பாலிதயோஃபீன் வகைப் பலபடியில் திசையமைவு மாறும்போது இயக்க எண் நூறு மடங்குக்கு மேல் வேறுபடுவதைக் காட்டினர்.

பரப்பைப் பண்படுத்தல்

ஆக்சைடின்மேல் ஆக்டாடெசில் டிரைகுளோரோசிலேன் போன்ற ஒற்றை மூலக்கூறு அடுக்கைப் பூசினால், நீரின் சேர்கோணம் 10 பாகைக்கும் குறைவிலிருந்து 100 பாகைக்கு மேல் உயர்கிறது. இதன்மேல் வளரும் பென்டசீனில் படிகமணிகள் பெரும்பாலும் சிறுத்தே காணப்படுகின்றன; ஆயினும் இயக்க எண் கூடுகிறது. பெரிய படிகமணியே நல்ல படலம் என்று அணுவிசை நுண்ணோக்கிப் படத்தை மட்டும் பார்த்து எழுதிவிடுவோர் இங்கு இடறுவர். மின்னூட்டம் ஓடுவது ஆக்சைடை ஒட்டிய முதல் சில அடுக்குகளில். படம் காட்டுவதோ மேற்பரப்பை.

இச்சேர்மம் ஈரத்தைப் பொறுக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் மலையடிவார ஊர்களின் திறந்த ஆய்வகத்தில் பூசினால், அது பரப்போடு பிணையும் முன்னரே தமக்குள் பிணைந்து திரள்களாகப் படியக்கூடும். பரப்பு கரடாகிறது, கரட்டுப் பரப்பில் இயக்க எண் குறைகிறது. நூற்பாலைகள் நிறைந்த இராஜபாளையத்தில் பஞ்சுத் தூசியையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்பது விளையாட்டுப் பேச்சன்று.

அளவீட்டில் ஒரு மயக்கம்

வழக்கமான எக்ஸ்-கதிர் அளவீடு, அடித்தளத்திற்கு இணையான படிகத் தளங்களை மட்டுமே காட்டும். தாமிரக் கதிரில், நிற்கும் தாலோசயனின் 6.9 பாகையை ஒட்டி முகடு தரும். கிடக்கும் தாலோசயனினில் அம்முகடு மறைந்து, 27 பாகையை ஒட்டி வலுக்குறைந்த முகடுகள் தோன்றும். மாணவர் 20 பாகையோடு அளவீட்டை நிறுத்திவிட்டால், நன்கு அடுக்கமைந்த படலத்தையே ‘படிகமற்றது’ என்று எழுத நேரிடும். கண்ணாடியின் அகன்ற மேடும் அதே 20 முதல் 30 பாகைப் பகுதியில் விழுவதால் மயக்கம் மேலும் கூடுகிறது.

இதைத் தவிர்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரே ஆவியாக்கலில், ஒரே தாங்கியில், கண்ணாடி, இண்டியம் வெள்ளீய ஆக்சைடு, தங்கம் பூசிய தகடு ஆகிய மூன்று துண்டுகளை அருகருகே வைத்துப் படலம் படியவைக்கலாம். மூன்றையும் 5 முதல் 35 பாகை வரை அளந்து, படலமற்ற வெற்றுத் தகடுகளின் அளவீட்டையும் உடன் தரவேண்டும். பூச்சு நாளின் ஈரப்பதமும் நீரின் சேர்கோணமும் செய்முறைப் பகுதியில் இடம்பெறுதல் நன்று.